மாமனாரின் மடக்குக்கத்தியை மெல்லிசாக்கிய கதை

கல்யாணமான முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எனக்கும் அப்போது எல்லாம் தெரிந்திருந்தது.

பெண்ணாடத்தில் என் மாமனாரிடம் ஒரு மடக்குக்கத்தி உண்டு. துபாயில் வேலை பார்த்த மங்கலம்பேட்டை நண்பர் கொடுத்தது. பதினெட்டு வருடமாக அவர் இடுப்பை விட்டு இறங்காதது. அலகு மட்டும் தடிமன். ஆப்பிளை நறுக்காது, பிளக்கும்.

"குடுங்க மாமா, பிளேடு மாரி மெல்லிசாக்கித் தரேன்."

"பாத்து செய்யுங்க மாப்ள. இத நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல. ஞாயித்துக்கிழம சின்னவளைப் பொண்ணு பாக்க வராங்க, பழம் நறுக்கணும்."

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றில் சூளையைக் கவனிப்பவன். பொம்மைகளின் அடியைத் தேய்க்கும் சாணைச் சக்கரம் அங்கே உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கத்தியை அதில் வைத்தேன். பொறி பறந்தது. அலகு மஞ்சளானது, அப்புறம் ஊதா, அப்புறம் மயில்கழுத்து நீலம்.

அந்தச் சக்கரத்தில் வேலை பார்க்கும் செல்வி டிபன் பாக்ஸோடு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, தண்ணில முக்கி முக்கித் தேய்ங்க. இரும்பு சூடாவுது பாருங்க."

(அவர் வீட்டுக்காரர் இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். அதுவும் எனக்குத் தெரியும்.)

"சூடா இருக்கறத தண்ணில முக்குனா வெடிச்சிடும் செல்வி. எத்தினி வருஷமா சூளை பாக்குறேன்?"

பீங்கானுக்கு அது சரி. சூடு ஏற ஏற இறுகும், நிறம் வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் அந்த நீலத்தைப் பார்த்துப் பூரித்துப்போனேன். கத்திக்குச் சூடு ஏறினால் உறுதி போய்விடும் என்று யாரும் என்னை எச்சரிக்கவில்லை. (செல்வி எச்சரித்தார். மேலே காண்க.) அன்றைய பேப்பரில் வைத்துச் சோதித்தேன். தலையங்கம் சத்தமில்லாமல் இரண்டானது.

ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பிலிருந்து ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். "எங்க மாப்ள தீட்டுனது" என்று அறிவித்துவிட்டு மாமனார் கத்தியை விரித்தார். ஒரு செங்காய்க் கொய்யாவில் வைத்து அழுத்தினார். கொய்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தி வளைந்தது. திருப்பி வைத்து அழுத்தினார். இந்தப் பக்கமும் வளைந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பொண்ணு இன்னும் வெளியவே வரல, அதுக்குள்ள கத்தி வெக்கப்படுதுங்களே!"

ஏழு பேரும் சிரித்தார்கள். உள்ளே மச்சினி சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "மாப்ள" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது. கத்தியும் அவர் இடுப்பை விட்டுப் போகவில்லை. கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ வைத்துக்கொண்டார். அதற்கு அவ்வளவு பாந்தமான சாமான் கடையில் கிடைக்காது என்கிறார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் யார் கத்தி கேட்டாலும் மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்: "வெட்டவா, தடவவா?"

நான் கேட்டால் மட்டும் கேள்வி வராது. ஸ்பூன் வரும்.