பனிமலை அடிவாரத்தில் நாலு மடக்கு நாற்காலி

அல் ஐன்,
ஜனவரி 9.

குவைத் ஃபர்வானியாவில் அமர்ந்து அடுத்தவர் உயிரைப் பாதுகாக்கும் பணியில் இருக்கும் என் அருமை மைத்துனன் பாலமுரளிக்கு,

அத்தான் சேதுமாதவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அக்கா ஷியாமளா, உன் மருமகள் சம்யுக்தா மூவரும் உயிருடன் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். உன்னை நேரில் பார்த்துக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் திட்டினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, உங்கள் தெருவில் கடை வைத்திருக்கும், இப்போது இங்கே வந்திருக்கும் மூசா பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் அக்கா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் வரும், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. விஷயம் இதுதான். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் பத்து நாள் பனிமலை ஏறும் பயிற்சிக்கு ஜார்ஜியா போகிறேன் என்கிறாள் சம்யுக்தா. பதினேழு வயதுதான் என்பதால் ஆட்சேபனை இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்ட என்ஓசி வேண்டுமாம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எதற்கெதற்கோ என்ஓசி வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். இதைக் கொடுக்க மாட்டேன். ஆனால் மாட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ தாய்மாமன், நீ ஏற்றிவிட்ட கிறுக்கு, நீயே ஃபோன் போட்டு இறக்கிவிடு.

எப்படி ஏற்றினாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. போன வருஷம் பெருநாள் லீவுக்கு வந்தவன் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். புஜைரா மலைக்கு அவளைக் கூட்டிப்போய் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "உங்கப்பா மாதிரி ஆயுசு பூரா ஏசிக்குள்ளயே உக்காந்திருக்காத பாப்பா" என்றாய். நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர்க் கட்டடங்களைக் குளிர வைக்கும் பிளான்ட்டில் இன்ஜினியர். என் குளிரில் படித்துத்தான் அவள் வளர்ந்தாள், சரி, அது போகட்டும். அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகள் எழுந்ததும் ரீல்ஸ் பார்க்க, இவள் பனிச்சரிவு அறிக்கை பார்க்கிறாள். ஆகஸ்ட் மாதம், வெளியே நாற்பத்தெட்டு டிகிரி, கார் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை, இவள் "நியூசிலாந்துல இன்னைக்கு லெவல் த்ரீப்பா" என்று கவலைப்படுகிறாள். ஃப்ரீசரில் உறைந்திருந்த ஐஸைக் கரண்டியால் அடுக்கடுக்காக வெட்டி, "இதுதான் வீக் லேயர், மேல இருக்கிற மொத்தமும் இதுலதான் வழுக்கிட்டு வரும்" என்று பாடம் நடத்தினாள். உன் அக்கா எட்டிப் பார்த்து, "அது போன மாசம் கொட்டின பாலுடி, தொடச்சுட்டுப் பேசு" என்றாள்.

அப்புறம் டிசம்பர் லீவுக்கு எல்லோரும் ஜார்ஜியா என்று நீயே ஏற்பாடு செய்தாய். புஜைரா துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியனாக இருக்கும் ஜெபசீலனையும், நர்ஸாக இருக்கும் அவன் மனைவி டெல்சியையும் சேர்த்துவிட்டாய். கிளம்புவதற்கு முந்தின நாள், "லீவு கேன்சல் அத்தான், நீங்க யல்லா கிளம்புங்க" என்றாய். நாங்கள் போய் இறங்கியதும் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. நாலாம் நாள் காலை பளிச்சென்று வெயில். லாட்ஜ் வாசலில் பலகை வைத்தார்கள், பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு நாலு என்று. "யாரும் மலைப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, சம்யுக்தா லாட்ஜ்காரரோடு மேப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட் வாரை மாட்டாதவனுக்கெல்லாம் வார்னிங் லெட்டர் கொடுக்கும் சேஃப்டி ஆபீசராயிற்றே என்று நான் உன்னிடம் யோசனை கேட்டேன். கேட்ட என்னைச் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அத்தான், நம்ம பக்கம் மழை அலர்ட் வந்தா என்ன பண்ணுவோம்? வறண்ட ஆத்துல வெள்ளம் வர்றத வாதிக்குப் போய்ப் பாப்போம்ல? அதே மாதிரிதான். தூரமா உக்காந்து பாருங்க, வீடியோ அனுப்புங்க."

உன்னை மட்டும் குறை சொல்வது நியாயமில்லைதான். இங்கே மழை வருவதே வருஷத்துக்கு நாலு நாள். வாதிப் பக்கம் போகாதீர்கள், மலை வெள்ளம் வரும் என்று ஃபோன் அலறினால் போதும், டீ ஃப்ளாஸ்க், கரி அடுப்பு, மடக்கு நாற்காலி சகிதம் பாதி ஊர் வாதிக்குக் கிளம்பிவிடும். எச்சரிக்கை என்பது நமக்கு அழைப்பிதழ். அல் ஐனிலிருந்து லக்கேஜில் போட்டுக் கொண்டுபோன நாலு நாற்காலியும் தயாராக இருந்தன. ஜெபசீலன், "அண்ணாச்சி, வார்னிங் வந்தாச்சுல்லா, கெளம்புங்க. லேட்டானா நல்ல எடம் கிடைக்காது" என்றான். வழியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். "கயிறு கட்டிருக்கான்னா அங்கதான் வியூ" என்று தூக்கிப் பிடித்தான், நாங்கள் குனிந்து போனோம். நர்ஸாயிற்றே, டெல்சியாவது தடுத்திருக்கலாம். அவளுக்குச் சிக்கன் ஆறிப்போகிறதே என்ற கவலை.

முதல் டம்ளர் டீ முடிவதற்குள் சம்யுக்தா ஓடி வந்தாள். கத்தவில்லை. "எல்லாத்தையும் விட்டுட்டு எழுந்திரிங்க. அந்த மரங்களுக்குப் பின்னாடி போகணும். ஒவ்வொருத்தரா, கேப் விட்டு. அம்மா, யூ ஃபர்ஸ்ட்" என்றாள். ஜெபசீலன் குனிந்து ஃப்ளாஸ்க்கைத் தேட, "அங்கிள், ஃப்ளாஸ்க் வேண்டாம், மாஃபி. கலாஸ், முடிஞ்சுது. போங்க" என்றாள். துறைமுகத்தில் யார் பேச்சையும் கேட்காதவன் ஃப்ளாஸ்க்கை விட்டுவிட்டுப் போனான். எல்லோரும் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அது நல்ல நாற்காலி முரளி, டம்ளர் வைக்கக் கைப்பிடியில் குழி உள்ளது. எடுத்துவந்துவிடலாம் என்று திரும்பி நடந்தேன். "அப்பா" என்றாள். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். மறுபடியும் "அப்பா" என்றாள். நான் இருபதடி போய்விட்டேன். அப்போதுதான் கூப்பிட்டாள்.

"சேதுமாதவன்."

நான் பெற்ற பெண். உன் அக்காகூடக் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி மறந்தே போய்விட்டது. நேராக மரத்தடிக்குத் திரும்பி வந்து, "யாரடி பேர் சொல்லிக் கூப்பிடுற" என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் நிறையப் பனி.

மேலே டப்பென்று ஒரு சத்தம் கேட்டதாக டெல்சி சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. கண் தெரிந்தபோது நாற்காலிகள் இருந்த இடத்தில் ஒரு வீட்டு உயரத்துக்குப் பனி கிடந்தது. சம்யுக்தா எங்களை விரலால் தொட்டு எண்ணினாள். நாலு வந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். நான் கேட்க வந்ததை இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது சொல், இந்தப் பெண்ணை நான் அங்கே திருப்பி அனுப்புவதா? அன்றைக்கு என்னைக் கூப்பிட அவள் இருந்தாள். நான் இல்லாத மலையில் அவள் திரும்பி நடந்தால் யார் கூப்பிடுவது? எனக்குப் பயமாக இருக்கிறது முரளி. அவ்வளவுதான், இதற்கு மேல் நையாண்டி வரவில்லை. நீ ஃபோன் போடு. பரீட்சை என்று சொல், விசா என்று சொல், உனக்குக் கனவு வந்தது என்று சொல், என்ன சொன்னாலும் சரி, என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது.

உனக்கு நீண்ட ஆயுளும், லீவு கேன்சல் ஆகாத நல்ல கம்பெனியும் வாய்க்கட்டும். அக்கா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்டும் பிழைத்திருக்கும் அத்தான்,
சேதுமாதவன்

பி.கு.: ஃபோன் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீதான் பிடிவாதமாக நின்று போட வைத்தாய் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் அழைத்துக் கத்தினால் ஆமாம் என்று வாங்கிக்கொள். மேலே எழுதியதை எல்லாம் மடித்து ஒட்டப் போகும்போது, ஸ்கூலுக்குப் போகும் அவசரத்தில் அவள் மேசையில் விட்டுப்போன ஃபாரத்தைப் பார்த்தேன். இந்தப் பயிற்சியில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டு அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: என் அப்பா நாற்காலியை எடுக்கத் திரும்பிப் போகிறவர்.