புள்ளி சாரும் மூன்றாவது யூனிட்டும்

கரிசல் பூமியில் புள்ளியை வாய்விட்டுச் சொல்லிப் பேசிய மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவருக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் வரப்போவதில்லை. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் எங்களுக்கு அவர் புள்ளி சார்.

எண்பதுகளின் கடைசி. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் ஓர் அச்சாபீஸுக்கு மேல்மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று இருந்தது. அதில் நான் டீச்சர். வீட்டுக்காரருக்கு பம்பாயில் வேலை, வீட்டில் இருந்த மாமியாருக்குக் காது கேட்காது. ஆகவே அந்த நாட்களில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் ‘ஏ எஸ் டி எஃப்’ மட்டும்தான். முதலாளி சாமுவேல் அண்ணாச்சிக்கு ஒருநாள் என்ன தோன்றியதோ, இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கிப்போட்டு, பிளைவுட் தட்டியால் ஓர் அறை தடுத்து, ஏ.சி.யும் மாட்டிவிட்டார். செருப்பை வெளியே விடவும் என்று போர்டு வைத்தார். பாதிப் பேர் ஏ.சி.க்காகவே சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் புள்ளி சார். ஒல்லியாக, சட்டையின் கழுத்துப் பித்தானைக்கூட மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடப்பார்.

முதல் வகுப்பில் மூன்று கருப்பசாமிகள் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது குறைவு.

“புதூர் புள்ளி கருப்பசாமி,” என்றார் சார். யாரும் எழுந்திருக்கவில்லை.

“ஒன்னத்தாம்ல சொல்லுதேன். புதூர்ல இருந்து வாரவன்தான நீ?”

“ஆமா சார். நடுவுல அது என்ன சார் புள்ளி?”

அன்றைக்குத் தொடங்கியது. பெரிய புரோகிராமை ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. வேலைக்கு ஒன்றாகப் பிரித்து யூனிட் யூனிட்டாக வைக்க வேண்டும். ஒரு யூனிட்டுக்கு இன்னொன்று தேவைப்பட்டால் அதன் பெயரைத் தலைப்பிலேயே எழுதி வரவழைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு யூனிட்டுகளில் ஒரே பெயர் இருந்தால் யூனிட்டின் பெயர், ஒரு புள்ளி, அதற்குப் பிறகு அந்தப் பெயர். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அப்படித்தானாம். தட்டிக்கு இந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மிஷினோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊரையும் அவர் அப்படியே நடத்தினார். ஒருநாள், “சார், அண்ணாச்சி ஒங்களக் கூப்பிடுதாவ,” என்றேன்.

“எந்த அண்ணாச்சி டீச்சர்? மாடி புள்ளி அண்ணாச்சியா, அச்சாபீஸ் புள்ளி அண்ணாச்சியா?”

கீழே அச்சாபீஸ் முதலாளியும் எங்களுக்கு அண்ணாச்சிதான். மாடி புள்ளி அண்ணாச்சி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். “நான் என்ன வே பாவம் செஞ்சேன், எனக்கும் புள்ளியா?” என்றார் சாமுவேல் அண்ணாச்சி.

கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி வீட்டம்மா ஒரு பெரிய தட்டு நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டார்கள். சார் அதில் ஒரே ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

“ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கு முறுக்கு மட்டும்தான் டீச்சர் வேணும். வேண்டாததை வரவழைச்சா எடத்த அடைச்சுக்கிடும்.”

யூனிட்டுக்கு முன்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்பார். வெளியே உள்ளவர்களுக்கு முன்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. அவரும் அப்படித்தான் இருந்தார். லாட்ஜில் ஒற்றை அறை. தீபாவளிக்கும் ஊருக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து பூட்டிய இன்ஸ்டிடியூட்டைத் திறந்து தனியாக உட்கார்ந்திருப்பார். கேட்டால், “மிஷின் தனியா கெடக்கே டீச்சர், ஒரு தொணைக்கு,” என்பார். நான் சிரித்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு ஏதோ மறந்துவிட்டது போல நானும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விசிறி ஓடுகிற சத்தமும் சாரும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை.

அந்த வருஷம் அச்சாபீஸ்காரருக்கு லேபிள் ஆர்டர் பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும் என்றார்கள். புதூர் கருப்பசாமிக்கு ஒரு யூனிட், குளத்தூர் கருப்பசாமிக்கு ஒரு யூனிட் என்று சார் பிரித்துக் கொடுத்தார். குளத்தூர்க்காரர் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், சாரைவிட மூத்தவர். இரண்டு பேரும் வேலையை முடித்து மிஷினில் ஏற்றினார்கள். மிஷின் மாட்டேன் என்றது. புதூரின் யூனிட், முதலில் குளத்தூர் வரட்டும் என்றது. குளத்தூரின் யூனிட், முதலில் புதூர் வரட்டும் என்றது.

“நீரு மொதல்ல முடியும் வே.”

“ஒன்னுது முடிஞ்சாத்தானல எனக்கு ஓடும்.”

சண்டை தட்டியைத் தாண்டி வந்தது. புள்ளி சார் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்து நான் கேட்டேன்.

“ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்பார்த்து நின்னா ரெண்டும் உருப்படாது. ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன வேணுமோ அத மட்டும் உருவி எடுத்து மூணாவதா ஒரு யூனிட்ல போடுங்க. அது யாரையும் எதிர்பார்க்கப்படாது. நீங்க ரெண்டு பேரும் அதக் கூப்பிடுங்க.”

ஓடியது. அச்சாபீஸ் புள்ளி அண்ணாச்சி எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் குளத்தூர் கருப்பசாமி என் மேஜைப் பக்கம் வந்து குரலைத் தணித்துச் சொன்னார். “டீச்சர், சாரோட தங்கச்சி எங்க தெருவுலதான் இருக்காவ. அவிய பாப்பாவுக்கு இன்னும் காதே குத்தல. தாய்மாமன் மடியில வைச்சுத்தான குத்தணும்? அந்தப் பிள்ள பள்ளிக்கொடம் போவுது, காது மொட்டையா கெடக்கு. மத்த பிள்ளைய கேலி பேசுதுவ.”

விஷயம் இவ்வளவுதான். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று பந்திக்கு இவரை யாரும் கைபிடித்து அழைக்கவில்லை. இவர் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். தங்கச்சி, அண்ணன் முதலில் வாசல்படி மிதிக்கட்டும், தாம்பாளத்தோடு அழைக்கிறேன் என்று இருக்கிறாள். அண்ணன் என்ன சொல்கிறார் என்று நானே போய்க் கேட்டேன்.

“அழைக்கட்டும் டீச்சர். அழைச்சா வாரேன்.”

எனக்கு வந்ததே கோபம். “சார், காலையில அந்த ரெண்டு பேருக்கும் என்ன சொன்னீங்க?”

“அது மிஷின். மனுஷங்க வேற.”

“மிஷினுக்கு இருக்க அறிவு மனுஷங்களுக்கு இல்லன்னு சொல்லுதீங்க.”

அவர் திரையில் ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “தங்கச்சிக்குக் காது குத்தினப்போ நான் பக்கத்துல நின்னேன் டீச்சர். என் விரலக் கடிச்சிட்டா,” என்றார். அந்த விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு வீம்புக்கும் உள்ளே இத்தனை ஏக்கம் கிடக்கிறதே என்று எனக்குப் பாவமாகிவிட்டது.

பொதுவாக இருவருக்கும் என்ன உண்டு என்று யோசித்தேன். பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த ஊரில் பிழைத்தாலும் வந்துவிடுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்களும் பிறந்த வீட்டுச் சாஸ்தாவுக்கு ஒரு நடை வந்து போவார்கள். அங்கே யாரும் யாரையும் அழைப்பதில்லை, அழைக்கவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. இவர்களுடைய சாஸ்தா புதூரைத் தாண்டிக் காட்டுக்குள் இருந்தார். சண்டைக்குப் பிறகு சார் அங்கே போவதையே விட்டிருந்தார்.

“தங்கச்சிக்காகப் போக வேண்டாம். சாஸ்தாவுக்காகப் போங்க,” என்றேன். குளத்தூர்க்காரரிடம், “அண்ணன் வாராருன்னு அந்த அம்மாகிட்ட மூச்சுவிடாதீங்க. உத்திரத்துக்குப் போவீகளான்னு மட்டும் கேளுங்க,” என்றேன்.

உத்திரம் முடிந்து இரண்டாம் நாள் சார் வந்தார். மூக்கெல்லாம் வெயிலில் கறுத்திருந்தது. நானாகக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்தான் வாயைத் திறந்தார்.

“வந்திருந்தா. அவ ஒரு பனை மரத்து மூட்டுல பொங்க வைச்சா. நான் வேற மூட்டுல நின்னேன்.”

“பேசலியா?”

“ரொம்ப நேரம் பேசல. பானை பொங்கி வழிஞ்சிட்டு. திரும்பிப் பார்த்து, ‘அண்ணே, அந்தத் தண்ணியக் கொஞ்சம் எடு’ன்னா.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

அடுத்த மாதமே குளத்தூரில் காதுகுத்து. தாம்பாளத்தோடு என்னையும் வந்து அழைத்தார்கள். போனேன். புள்ளி சார் புது வேட்டியில், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை கத்தியது. கழுத்துப் பித்தான் வரை மாட்டிய அந்த மனிதர் அதைவிடச் சத்தமாக அழுதார். அவர் தங்கச்சி முந்தானையால் முதலில் பிள்ளையின் முகத்தைத் துடைத்துவிட்டு அப்புறம் அண்ணன் முகத்தைத் துடைத்தாள். பந்தியில் அவரை இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து உட்கார வைத்தார்கள். வைத்த எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வழியனுப்ப வந்தபோது, தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையே சேருகிறேன், இங்கிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்றார். தங்கச்சி மாடியில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறாளாம்.

“நல்லது சார்,” என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

பஸ் விளாத்திகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த வெறும் காடு. திங்கட்கிழமை போய் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்தேன். கோவில்பட்டி வரும்வரை முந்தானையை முகத்தில் இருந்து எடுக்கவில்லை.