சல்சாவை கேஸ் அடுப்பில் ஏற்றிய நாள்

பொறுமையில்லாதவர்கள் சமைக்கக் கூடாது. சமைத்தாலும், ஆறு மணித்தியாலத்துக்கு மூடியைத் திறக்காதே என்று எழுதியிருக்கும் சட்டியில் சமைக்கவே கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. களுவாஞ்சிக்குடியில் ஸ்லோ குக்கர் உடைத்த ஒரே ஆள் நான்தான். (ஊரில் இருந்ததே அந்த ஒன்றுதான் என்பது வேறு விசயம்.)

கனடாவிலிருந்து என் மனைவி சாந்தியின் சிநேகிதி அனுப்பியது. கரண்டில் வேலை செய்யும் ஒரு பெட்டி. அதற்குள் கழற்றி எடுக்கக்கூடிய பீங்கான் சட்டி.

சாந்தியின் அண்ணன் கல்குடாவில் மீன்பிடி போட் வைத்திருப்பவர். "கவிதை எழுதுறவனுக்கா என்ட தங்கச்சி?" என்று கேட்டவர், நாங்கள் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து ஆறு வருசமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இப்போது மகளுக்குக் கலியாணம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கார்ட் கொண்டு வருவதாகப் போன் பண்ணினார்.

"வாசல் முத்தத்தில நிண்டே கார்டத் தந்திட்டுப் போயிருவார். தேத்தண்ணி கூடக் குடிக்கமாட்டார்," என்று சாந்தி கண்ணைத் துடைத்தாள்.

"குடிக்காட்டிப் போகட்டும், சாப்பிடுவார். நான் சல்சா செய்யப்போறன்."

"அதென்ன சாமான்?"

மாம்பழம், அன்னாசி, பப்பாசி, வெங்காயம், பச்சை மிளகாய், வினாகிரி, சீனி. பொரித்த மீனோடு தின்பது. போனில் பார்த்திருந்தேன். மீன் குழம்பை மறுக்க அவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும், பெயரே தெரியாத ஒன்றை எப்படி மறுப்பார்? (அந்த வயதில் எனக்கு இது பெரிய ராஜதந்திரம்.)

விடிய ஆறு மணிக்கு குக்கரைப் போட்டேன். ஆறே காலுக்கு மூடியைத் திறந்தேன். ஆறரைக்கும் திறந்தேன். வாவிக்கரைப் பின்னேர வானம் ஒன்று சட்டிக்குள் இறங்கி, மஞ்சளும் சிவப்புமாகக் கிடக்கிறது. பார்க்காமல் எப்படி இருப்பது? திறந்த ஒவ்வொரு தடவையும் சூடு என் முகத்தில் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஓடிப்போனது.

பதினொரு மணிக்கே முற்றத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். சட்டிக்குள் வெங்காயம் நறுக்கிய கோலத்திலேயே மிதந்தது. மண்சட்டி தாங்குகிற நெருப்பைப் பீங்கான் தாங்காதா? தூக்கி கேஸ் அடுப்பில் வைத்து முழுதாகத் திருகினேன்.

குசினி வாசலுக்கு வெளியே குரல் கேட்டது.

"இந்தா புள்ள, கார்ட். கட்டாயம் வரணும்."

"உள்ள வாங்கண்ணன்."

"நேரமில்ல புள்ள. இன்னும் பத்து வீடு கிடக்கு."

டமார்!

செருப்போடு பாய்ந்து உள்ளே வந்தவர் அண்ணன்தான். என்னை ஒரு கையால் இழுத்து எறிந்தார், மறு கையால் கேஸை மூடினார். இரண்டாகப் பிளந்த சட்டி தன் வயிற்றில் இருந்த எல்லாவற்றையும் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. யாருக்கும் சுடவில்லை. காலை முழுக்க நான் திறந்து திறந்து பார்த்ததில் சல்சா சுடுகிற நிலைக்கே வந்திருக்கவில்லை. என் அவசரப் புத்திக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

அவர் முழங்கையில் ஒரு அன்னாசித் துண்டு தொங்கியது. சல்சா ஒட்டிய தன் கைப் பெருவிரலைப் பார்த்தார். நக்கினார்.

"உப்புப் போடல்லியா?"

ஆறு வருசத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"மறந்திட்டன்."

"வெங்காயமும் வேகல்ல." இன்னொரு விரலையும் நக்கினார். "மீன் இரிக்கா?"

சாந்தி சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். முழங்காலுக்கு எட்டாத என் சாரத்தைக் கட்டிக்கொண்டு அண்ணன் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். வேட்டி ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. அவர் போனது நாலு மணிக்கு.

இப்போதும் குடும்பத்தில் எந்த விசேசம் என்றாலும் நான் தண்ணீர் குடிக்கப் போனால்கூட ஒருவர் குசினி வாசலை மறித்து நிற்பார். அதைத் தொடக்கி வைத்தவர் அண்ணன். மகளின் கலியாணத்தன்று சமையல் நடக்கும் இடத்தை நான் சும்மா எட்டிப் பார்த்தேன். பந்தலுக்கே கேட்கக் கத்தினார்:

"டேய், மச்சான அடுப்படிக்கு விட்டிராதீங்கடா!"

பந்தலே சிரித்தது. நான் மட்டும் கண் கலங்கி நின்றேன். அவர் என்னை மச்சான் என்றது அதுதான் முதல் தரம்.