தலையாட்டாத இங்கிலீஷ்

"...விளங்குதோ? இங்கிலீஷ் வெள்ளைக்காரன்ர பாஷையெண்டு ஆர் சொன்னது? சீனனும் குசராத்தியும் நாங்களும் சாமான் விக்க இரவல் வாங்கின கதிரை அது. வடிவு பாக்காதேயும், ஏறி இரும்."

சொன்னவர் பினாங்கு மாஸ்டர். ஊர்காவற்றுறையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் எந்தத் துறைமுகத்திலும் இவ்வளவு குறைந்த இங்கிலீஷை இவ்வளவு உரத்த குரலில் படிப்பித்த மனிதர் கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலம். பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர், பின்னேரங்களில் கரையோரச் சரக்குக் கிட்டங்கியில் என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு வகுப்பு நடத்தினார்.

இலக்கணம் கேட்டவரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். வாங்க வருகிறவராகத் தாமே நடிப்பார்: ஒருநாள் பம்பாய்க்காரன், மறுநாள் ரங்கூன்காரன். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு விதமாய் உடைந்த இங்கிலீஷ். அதைக் கேட்டுச் சிரித்தவர் வாசலுக்கு வெளியே.

பெரிய பாடம் தலைதான். சம்மதமென்றால் நாங்கள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம். பிறநாட்டானுக்கு அது மாட்டேன் என்று படும். அதனால் எல்லோர் தலையிலும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து 'யெஸ்' சொல்ல வைத்தார். அனலைதீவுச் சூசையின் சிரட்டை மட்டும் எந்நேரமும் நிலத்தில்தான் கிடந்தது.

அந்தச் சூசைக்குத்தான் சோதனை வந்தது. தரகரிடம் கொடுக்க மனமில்லாமல் அவர் காயவைத்துச் சேர்த்த, சீனர்கள் சமையலுக்குத் தேடுகிற கடலட்டையை வாங்க, சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனர் நேரே எங்கள் கிட்டங்கிக்கே வந்திறங்கினார். மாரி தொடங்கப்போகிறது. இவர் வாங்காவிட்டால் ஈரத்தில் அவ்வளவும் பழுது.

சீனர் விலை சொன்னார். சூசை 'யெஸ்' என்றார். தலையோ காற்றில் ஓலைபோல ஆடியது. சீனர் யோசித்து விலையைக் கூட்டினார். சூசைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தலை இன்னும் வேகமாக ஆடியது. மறுபடியும் கூட்டினார். அதற்கும் ஆட்டம். சீனர் சலித்துப்போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

மாஸ்டர் குறுக்கே போய் நின்றார். முதல் விலைக்கே இவர் சம்மதித்துவிட்டார், எங்கள் தலை அப்படித்தான் என்று துண்டு துண்டான இங்கிலீஷில் சொன்னார்.

"கடைசி விலைக்கெண்டு சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்று சூசை முணுமுணுத்தார்.

"அந்த மனிசனும் உம்மைப்போலத்தான், தட்டித் தடவிக் கதைக்குது. ஆளை விழுத்தாதேயும்."

சீனர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தன் தலையை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவதாகச் சொன்ன விலைக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்.

சூசைக்குக் கண் கலங்கியது. எங்கள் மாஸ்டர் தன் கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார். முதற் சாக்கைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, வள்ளம் நின்ற பக்கம் தண்ணீருக்குள் இறங்கினார்.