நல்லு குடும்பத்துக்கு இருபது நாற்காலி

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கல்யாண வேலையை அவனிடம் கொடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளை நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் ஜாவா படிக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. (படிப்பு ஆறு மாதம், பந்தா ஆறு வருஷத்துக்கு.) கிள்ளானில் அக்காவின் கல்யாண விருந்து. முப்பது மேசை, மேசைக்குப் பத்துப் பேர். நாற்காலிக்கு ஒரு பெயர் அட்டை. நானே புரோகிராம் எழுதி அச்சடிக்கிறேன் என்று அப்பாவிடம் மார்தட்டினேன்.

முந்நூறு பெயருக்கு முந்நூறு கட்டம் கொண்ட ‘அரே’. அதன் அளவு மாறாது. பெயர் போடாத கட்டத்தில் ஜாவா தானாகவே null என்று வைத்துக்கொள்ளும். ஒன்றுமில்லை என்று பொருள். அச்சடிக்கும்போது அந்தக் கட்டங்களைத் தாண்டிப் போகச் சொல்லி ஒரே ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெயர்களைக் கடைசிவரை தரவில்லை. அவர்களுக்காகக் காலியாக விட்டிருந்த இரண்டு முன்மேசைகளுக்கும் சேர்த்து இருபது அட்டைகள், அழகான சாய்வெழுத்தில் null என்று வந்திருந்தன. நான் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மண்டபத்தில் கொடுத்துவிட்டு முடிவெட்டப் போய்விட்டேன்.

விருந்தினரை உட்காரவைத்தவர் என் தாய்மாமா. மேருவிலிருந்து குடும்பத்தோடு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா முன்மேசை நாற்காலியில் கை வைத்ததும், அட்டையில் இருந்த null என்பதைத் தன் போக்கில் படித்துவைத்திருந்த மாமா ஓடினார்.

“அண்ணே, இது நல்லு குடும்பத்துக்கு. கொஞ்சம் நில்லுங்க.”

“யாரு அந்த நல்லு?”

மாமாவுக்கும் தெரியாது. மைக்கைப் பிடித்தார். “நல்லு குடும்பத்தார் எங்க இருந்தாலும் முன்னால வாங்க!”

வந்தார்கள். காப்பாரில் லோரி ஓட்டும் நல்லுசாமி அண்ணன், மனைவியும் நான்கு பிள்ளைகளுமாகக் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தார். (அதுவரை அவரை யாரும் மைக்கில் கூப்பிட்டதே இல்லையாம்.) பெரியப்பா குடும்பம் நின்றபடியே இருந்தது.

முடிவெட்டித் திரும்பி வந்து மைக் சத்தத்தைக் கேட்ட நான் ஓடிப்போய், “மாமா, அது பேர் இல்ல. ஆள் இல்லேன்னு அர்த்தம்” என்றேன்.

“ஆள் இல்லாததுக்கு எதுக்குடா கார்டு?”

என் தொழிலில் இதைவிடத் தெளிவாக என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை.

பெரியப்பா மெல்லத் திரும்பினார். “அப்போ எங்கள ஆளே இல்லேன்னு எழுதி வச்சிருக்கீங்க?” தன் குடும்பத்தைப் பார்த்து, “கிளம்புங்க” என்றார். மேடையில் அக்காவின் முகம் வெளுத்தது.

நல்லுசாமி அண்ணன்தான் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “கோவப்படாதீங்க லா, அங்கிள். இன்னும் பதினாலு சீட்டு சும்மா கெடக்கு. இவ்ளோ இடத்துல நாங்க மட்டும் சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?”

பெரியப்பா முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மீன் வருவதற்குள் இருவரும் ஒருவர் தட்டில் ஒருவர் இறால் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சில வருஷம் கழித்து நல்லுசாமி அண்ணனின் மூத்த மகளைப் பெரியப்பா தன் மகனுக்கே கட்டிவைத்தார். அந்தக் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த வேலை, வெளியே கார் நிறுத்த இடம் காட்டுவது. அதற்கும் மாமா பக்கத்திலேயே நின்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போகிறவருக்கு எங்கள் குடும்பத்தில் இன்றும் ‘நல்லு’ என்றுதான் பெயர். நல்லுசாமி அண்ணனின் மகள் மட்டும் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவாள்: “எங்கப்பா கூப்பிட்டவுடனே வந்தாரே!”