ஒரு சீட்டுக்கு இரண்டு சீல்

ஒரு காட்டில், பாதை வந்ததோ இல்லையோ, ஆஸ்பத்திரி ஒன்று வந்து சேர்ந்தது. டாக்டர் கரடி. நல்ல கரடிதான், குறை சொல்லக்கூடாது. மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த தன் குட்டியைச் செவ்வந்தி என்ற மான் அங்கே கூட்டிப்போனாள். ரத்தம் பார்த்தால்தான் மருந்து, பொழுது சாய்வதற்குள் மருந்து போகாவிட்டால் குட்டி தேறாது என்று சொல்லி, ஒரு சீட்டில் 'லேப்' என்று எழுதிக் கொடுத்தது கரடி.

சீட்டுக்கு இரண்டு சீல் வேண்டும். முதல் ஜன்னலில் மயில், அடுத்ததில் குள்ளநரி. ரத்தம் எடுக்கிற கொக்கு உள்ளே சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

மயில் சீட்டை அலகால் தூக்கிப் பார்த்தது. இங்கிலீஷ்காரன் பாடுபட்டு வைத்த பெயரை இப்படியா வெட்டி எழுதுவது, 'லேபரட்டரி' என்று முழுசாக எழுதி வாங்கி வா என்றது. செவ்வந்தி ஓடினாள். கரடி தலையில் அடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தது. மயில் சீல் குத்தியது.

குள்ளநரி அதே சீட்டைப் பார்த்து முகம் சுளித்தது. டவுனில் இப்போது யார் முழுசாகச் சொல்கிறார்கள், நம்மைப் பட்டிக்காடு என்று நினைக்கமாட்டார்களா, 'லேப்' என்று மாற்றி வா என்றது. மாற்றினால் மயிலின் சீல் செல்லாது. இந்த இரண்டு மேதாவிகளும் இதற்காகவே ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். டவுனை இரண்டுமே கண்ணால் பார்த்ததில்லை.

உச்சிவெயில் ஏறியது. குட்டி கால் மடங்கி விழுந்தது. செவ்வந்தி இரண்டு ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பேரு எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டுங்க. ரத்தம் பாக்குற இடத்துக்கு என் புள்ளைய விடுங்க."

மயிலும் நரியும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு விழுந்து விழுந்து சிரித்தன. ஏழு வருஷப் பகை அங்கேயே தீர்ந்தது. 'ரத்தம் பாக்குற இடமாம்' என்று சொல்லிச் சொல்லி, ஒன்றுக்கொன்று டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டன. காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவளைக் காட்டுமிராண்டி என்று வேறு சொன்னது மயில்.

செவ்வந்திக்கு வந்ததே ஆத்திரம். வாயில் வந்ததை உளறினாள்.

"இது லேபும் இல்ல, லேபரட்டரியும் இல்ல. லேபரடோனியத்துக்கு எழுதின கேஸு. லேட்டானா உங்க ரெண்டு பேரு மேலயும் புகார் எழுதுவேன்."

சிரிப்பு நின்றது. அப்படி ஒரு சொல்லை மயில் கேட்டதே இல்லை. நரிக்குத் தெரிந்திருக்குமோ என்று பயந்து தலையாட்டியது. மயிலுக்குத் தெரிந்திருக்குமோ என்று பயந்து நரியும் ஆட்டியது. இதை முதலிலேயே சொல்லக்கூடாதா அம்மா என்று இரண்டும் எழுந்து நின்றன. டமார் டமார் என்று சீல் விழுந்தது. நாற்காலி வந்தது. கொக்கு ஓடிவந்து ரத்தம் எடுத்தது. பொழுது சாய்வதற்குள் மருந்து உள்ளே போய், குட்டி எழுந்து பால் குடித்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் புது போர்டு: 'லேபரடோனியம்'. நடுங்குகிற குட்டியோடும் 'லேப்' என்று எழுதிய சீட்டோடும் வந்த ஒரு முயலை மயிலும் நரியும் ஒற்றுமையாகத் திருப்பி அனுப்பின. குட்டியை மறுபடி காட்ட வந்த செவ்வந்தி எதிரே வந்தாள். முயல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, அது என்ன சொல் அக்கா, எனக்கு நாக்கே திரும்பவில்லை என்று அழுதது.

செவ்வந்தி கழுத்தை நிமிர்த்தினாள்.

"இதுகூடத் தெரியாமலா ஆஸ்பத்திரிக்கு வந்தே?"

நீதி: இங்கிலீஷைச் சுருக்கியும் சொல்லாதே, முழுசாகவும் சொல்லாதே, நீயே ஒன்றைச் செய்து சொல். அப்புறம் அது தெரியாதவர்களை ஆயுசுக்கும் ஏளனம் செய்யலாம்.