சாயங்காலம் பாயும் நூற்றுப் பன்னிரண்டு சம்மதங்களும்

தாம்பரம் வட்டாரத்திலேயே, பணத்தை நீட்டிய வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதைக் கொள்கையாக வைத்திருந்த ஒரே வியாபாரி சாயங்காலம் பாய்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு செருப்புக் கடைக்கும் நடுவே அவருடைய அத்தர் கடை இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டும். முதலாளி, விற்பனையாளர், கடை கூட்டுபவர் எல்லாம் அவர் ஒருவரே.

யார் வந்து அத்தர் கேட்டாலும் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவுவார். "போய் வேலையப் பாருங்க. சாயங்காலம் வந்து சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். காலையில் எல்லா அத்தரும் நல்ல அத்தர்தான். வெயில், வியர்வை, பஸ் நெரிசல் மூன்றையும் தாண்டி ஆறு மணிக்கு எது மிஞ்சுகிறதோ அதைத்தான் விற்கலாம் என்பது அவர் கட்சி. கல்யாண மாப்பிள்ளை ஒருவர் ரிசப்ஷன் அன்று காலை வந்து கேட்டார். அவருக்கும் அதே பதில். பாவம், கோட்டு சூட்டோடு, காரை ரோட்டில் நிறுத்திவிட்டு, மேடை ஏறுவதற்கு முன் வந்து "நல்லா இருக்கு பாய்" என்று சொல்லித்தான் பாட்டிலை வாங்கிப் போனார்.

இப்படிப்பட்டவர் ஒருநாள், கம்ப்யூட்டர் இருக்கிறதென்று என் வீட்டுக்கு வந்து, ஈமெயில் அனுப்ப நல்ல கம்பெனியாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். இது நடந்தது 2008 என்று என் மனைவி சொல்வாள். 2009தான். நாட்குறிப்பில் இருக்கிறது.

விஷயம் இதுதான். கடை இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். பாய்க்கு வேறு கடை அமையவில்லை. அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த தன் வீட்டின் முன்னறையிலேயே வியாபாரத்தை வைத்துக்கொள்ள முடிவு செய்திருந்தார். "கேம்ப் ரோடுன்னா போறவன் வர்றவன் கண்ணுல படும் சார். அந்த சந்துல என்னைத் தேடிகினு யாரு வருவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையில் இருந்த நீள நோட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டில் வாடிக்கையாளர் பெயர், வீடு, பிடித்த அத்தர், ஈமெயில் முகவரி எல்லாம் இருந்தன. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். மாதம் ஒரு சிம் கார்டு மாற்றும் காலம் அது. ஈமெயில்தான் நிலையானது என்று ஐ.டி. பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முதல் தவறு என்னுடையது. இதற்கெல்லாம் எதற்குக் கம்பெனி என்று, நூற்றுப் பன்னிரண்டு முகவரிகளையும் ஒரே வரிசையில் போட்டு, "கடை இடம் மாறுகிறது, விவரம் விரைவில்" என்று என் கணக்கிலிருந்தே அனுப்பினேன். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் "யார் நீங்கள்" என்று எல்லாருக்கும் பதில் போட்டார். இன்னொருவர் "எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்" என்று எல்லாருக்கும் போட்டார். "தயவுசெய்து எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்" என்று ஒருவர் எல்லாருக்கும் போட்டார். மறுநாள், அந்தப் பட்டியலில் இருந்த ஒரு மனைத் தரகர், கூடுவாஞ்சேரியில் தண்ணீர் வசதியுடன் மனை இருக்கிறது என்று நூற்றுப் பதினோரு பேருக்கும் எழுதினார்.

பாய் அன்று டீ குடிக்கவில்லை. "நம்மள நம்பிக் குடுத்த அட்ரஸ் சார். அமானிதம். அத நடுத்தெருவுல கொட்டிட்டோம்" என்றார். 'கொட்டிட்டோம்' என்று என் தவறில் பாதியை அவர் எடுத்துக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் போகும்படி அனுப்பித் தருகிற கம்பெனிகளைத் தேடினோம். இணையத்தில் நாலைந்து கிடைத்தன. நான் வசதிகளை ஒரு தாளில் ஒப்பிட்டு எழுதினேன். பாய் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் கடை திறக்கும் முன் வந்து ஒரு கம்பெனியில் என் பெயரைப் பதிந்து, ஒரு சோதனை மெயிலை எனக்கே அனுப்பச் சொல்வார். நன்றாக வந்திருக்கிறதே என்பேன். "சாயங்காலம் பாக்கலாம் சார்" என்று கிளம்பிவிடுவார். ஆறு மணிக்கு மறுபடி வருவார்.

"ஸ்கிரீனை மோந்து பாக்கப் போறாரா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ஆனால் அந்தச் சோதனை வீண்போகவில்லை. முதல் கம்பெனி காலையில் பணிவாக வரவேற்றது. மாலைக்குள் அதை வாங்கு, இதை வாங்கு என்று எனக்குப் பதினோரு மெயில் அனுப்பியிருந்தது. "காலைல சலாம் சொன்னவன் சாயங்காலத்துக்குள்ள பதினோரு வாட்டி கதவத் தட்டுறான். இவன் வோணாம்" என்றார் பாய். இரண்டாவது கம்பெனி இலவசம். ஆனால் மாலையில் திறந்து பார்த்தபோது, அத்தர் பற்றிய எங்கள் மெயிலின் காலடியில் வெளிநாட்டு சென்ட் ஒன்றின் விளம்பரம் பளபளத்தது. "என் கடை வாசல்ல எதிராளி போர்டா?" என்று எழுந்துவிட்டார். மூன்றாவதில் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக வந்தன.

நான்காவது கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. நாம் பெயர்களைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் அவர்களே ஒரு மெயில் அனுப்பி, "இவரிடமிருந்து மெயில் பெற உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்பார்கள். அவர் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த மெயில் போகும். இருப்பதிலேயே பெரிய தொல்லை இதுதான் என்று என் தாளில் சிவப்பில் எழுதியிருந்தேன்.

பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நிக்காஹ்ல பொண்ணுகிட்ட கேக்குற மாதிரி கேக்குறான் சார். இவன்தான் மனுசன்."

சாயங்காலம் வரை பார்க்க வேண்டாமா என்றேன். இதற்குத் தேவையில்லை என்றார். என் அறிவுக்கு எட்டியவரை, அவர் காலையிலேயே முடிவெடுத்த ஒரே விஷயம் அதுதான்.

நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சம்மதம் கேட்டு மெயில் போனது. நான்கு நாளில் ஒன்பது பேர் அழுத்தினார்கள். மற்றவர்களுக்கு அது குப்பை மெயிலுக்குள் விழுந்திருக்கலாம். என் பழைய கைங்கர்யத்தால் மிரண்டும் போயிருக்கலாம். கடையைக் காலி செய்ய இன்னும் பன்னிரண்டு நாள்தான். சம்மதம் சொல்லாதவர்களுக்கும் நாமே சம்மதம் என்று குறித்துவிட வழியிருக்கிறதா பார்க்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பாய் மதியம் கடையை மூடிவிட்டு மொபெட்டில் கிளம்பினார். மீதி நூற்று மூன்று பேரையும் நேரில் பார்த்து, அவர்கள் கையாலேயே பொத்தானை அழுத்த வைப்பது திட்டம். சேலையூரில் ஒரு ரிடையர்டு டீச்சர் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. நோட்டில் இருந்த முகவரி துபாயில் இருக்கும் மகனுடையது. டீச்சர் மகனுக்குப் போன் போட்டார். அவன் ஆபீஸில் இருந்தபடியே அழுத்தினான். அதற்குள் பாய் இரண்டு முறுக்கு சாப்பிட்டு, டீச்சரின் முட்டிவலி பற்றி முழுவதும் கேட்டுவிட்டார். இன்னொரு வீட்டில் கரண்ட் இல்லை. வரும் வரை உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்ணின் ப்ளஸ் டூ மார்க்கைக் கேட்டறிந்தார்.

கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனி செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் காத்திருந்து, ஐந்தரைக்கு வெளியே வந்த வாடிக்கையாளர் பையனைப் பிடித்தார்.

"இதுக்கா பாய் இவ்ளோ தூரம் வந்தீங்க? நீங்களே சம்மதம்னு குறிச்சிக்கிட்டா யாரு கேக்கப் போறா?" என்றானாம் அவன்.

"சம்மதம் நீதான் குடுக்கணும் தம்பி. போய் அமுக்கிட்டு வா, நான் இங்கதான் கீறேன்."

அவன் திரும்ப மாடி ஏறிப் போய் அழுத்திவிட்டு வந்தான்.

காலி செய்ய வேண்டிய நாளுக்கு முந்தைய மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன. மனைத் தரகர் உட்பட. அன்றைக்கே என் வீட்டில் உட்கார்ந்து, புது இடம், பஸ் நம்பர், எந்தத் திருப்பம், எத்தனையாவது வீடு என்று ஐந்து வரி எழுதி அனுப்பினோம். அனுப்பிய பின் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "யாராவது வருவாங்களா சார்?" என்று கேட்டார்.

புதுக்கடை திறந்த வெள்ளிக்கிழமை மாலை நானும் மனைவியும் போனோம். சந்தின் முனையிலேயே வண்டி நிறுத்த இடமில்லை. முன்னறையில் கூட்டம். டீச்சர் நாற்காலியில் இருந்தார். கேளம்பாக்கம் பையன் நாலு நண்பர்களோடு வந்திருந்தான். எனக்கு எதையும் பதிந்து வைக்கும் புத்தி. மெயிலைப் பார்த்துத்தான் வந்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவர்கூட மெயிலைத் திறக்கவே இல்லை. "பாய்தான் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னாரே" என்றார்கள்.

கூட்டம் குறைந்ததும் அவரிடம் சொன்னேன். "பாய், நமக்கு மெயிலே தேவைப்படல போலிருக்கு."

"மெயில் இல்லன்னா நான் இன்னான்னு சொல்லிகினு சார் அவங்க வூட்டுக்குப் போவேன்?" என்றார் அவர், பாட்டில் மூடியைத் திருகியபடி.

அதன் பிறகு, சோதனைக்காகப் பதிந்த என் பெயருக்கும் பாயிடமிருந்து மாதம் ஒரு மெயில் வந்தது. ஒருநாள் மெயில் பெட்டியைச் சுத்தம் செய்யும்போது, அந்த மெயிலின் அடியில் இருந்த, இனி எனக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் அன்சப்ஸ்கிரைப் பொத்தானில் கை பட்டுவிட்டது. கம்பெனி அவருக்குத் தகவல் சொல்லிவிட்டது போலும். மறுநாள் காலை கேட் அருகே மொபெட் சத்தம்.

"சார், நான் எதுனா தப்பா பேசிட்டனா?"

தவறுதலாக நடந்தது என்று விளக்கி, உட்கார வைத்து, முறைப்படி மீண்டும் சம்மதம் கொடுத்தேன். மனைவி டீ போட்டாள். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் மூன்று முறை அந்தப் பொத்தானில் என் கை பட்டிருக்கிறது. மூன்று முறையும், அவரைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.